ஆறு உறையும் வரை

வடக்குச் சைபீரியாவில் குளிர்காலம் பாதையை அடைப்பதில்லை, திறந்துவிடுகிறது. கோடையில் ஆற்றில் படகு ஓடும். நடுக்குளிரில் அதே ஆறு கல்லாக இறுகிவிடும், அதன்மேல் லொறிகள் ஓடும். இரண்டுக்கும் இடைப்பட்ட சில வாரங்கள்தான் பொல்லாதவை. அப்போது ஆறு நீருமில்லை, பனிக்கட்டியுமில்லை. கூழ்போல நகர்ந்துகொண்டிருக்கும். படகை இறக்கினால் பனித் துண்டுகள் அதன் அடிவயிற்றைக் கிழித்துவிடும். லொறியை இறக்கினால் மூழ்கிவிடும். யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

அனோஜினி தமிழில் சப்டைட்டில் எழுதிய சோவியத் காலத்துப் படம் அந்த வாரங்களில் நடக்கிறது. ‘ஆறு உறையும் வரை’ என்பது அதன் பெயர். எழுபதுகளில் எடுத்தது. ரஷ்யாவிலேயே அதிகம் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். நிலத்தைத் துளைத்து எண்ணெய் தேடும் ஒரு முகாமில் பொறுப்பாளர் ஒருவர், துளைப்பவன் ஒருவன், வானொலியில் செய்தி அனுப்பும் கிளாவ்தியா என்ற பெண், ஸ்தெபான் என்ற சமையற்காரன். இவர்களோடு இருந்த களஞ்சியக் காவலன் ஒரு காலையில் டீசல் கொட்டிலுக்குள் இறந்து கிடக்கிறான். பீப்பாய்களில் பாதி வெறுமையாக இருக்கின்றன. அந்த முகாமில் வெளிச்சம், சூடு, இயந்திரம் எல்லாமே டீசல்தான். அதைத் திருடுவது மற்றவர்களின் உயிரில் கை வைப்பது.

விசாரிக்க ஓர் அதிகாரி ஹெலிகொப்டரில் வந்து இறங்குகிறார். வானம் மூடிக்கொள்ள, அவரும் அங்கேயே மாட்டிக்கொள்கிறார். கடைசியில் அவர் ஒன்று சொல்கிறார்: திரும்பும்போது ஹெலிகொப்டரில் ஒரே ஓர் இடம்தான் இருக்கும், உண்மையை முதலில் சொல்பவருக்கு அது. அன்று மாலையே சமையற்காரன் ஸ்தெபான் அவரிடம் போய், கொன்றது நான்தான் என்கிறான். அவன் கொல்லவில்லை. பார்ப்பவர்களுக்கும் அது தெரியும். அந்த இடத்தை விட்டுப் போக வேண்டும் என்பதற்காக, செய்யாத கொலையைத் தலையில் ஏற்றிக்கொள்கிறான்.

இந்தப் படத்தை அனோஜினி பல வாரங்களாக, ஒரு காட்சியை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி ஓடவிட்டு, கனடாவில், லாசாலில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்து பார்த்தாள். யன்னல் கூரைக்கு அருகில் இருந்தது. பெப்ரவரியில் அதன் கண்ணாடியில் பாதியைப் பனி மூடியிருந்தது. மீதிப் பாதியில் நடைபாதையில் போகிறவர்களின் சப்பாத்துகள் தெரியும்.

அவள் வேலை செய்த சிறு நிறுவனம் பழைய ரஷ்யப் படங்களைச் சுத்தம் செய்து, பல மொழிகளில் எழுத்துப் போட்டு இணையத்தில் காட்டுவது. நோய்த்தொற்றுக் காலத்தில் அலுவலகத்தைக் கைவிட்டவர்கள் பிறகு அதைத் திறக்கவேயில்லை. எல்லோருக்கும் வீட்டிலிருந்துதான் வேலை. வீட்டிலிருந்து வேலை என்றால் சுதந்திரம் என்று நினைக்கத் தோன்றும். அது நடக்கும் விதம் வேறு. கணினியில் ஒரு செயலி இருக்கும். அது தனக்குத் தோன்றிய நேரத்தில் கமராவைத் திறந்து ஒரு படம் எடுக்கும். மவுஸ் கொஞ்ச நேரம் அசையாவிட்டால் பெயருக்கு அருகிலுள்ள பச்சைப் புள்ளி மஞ்சளாகும். மஞ்சள் நீண்டால் மேலாளருக்குச் செய்தி போகும். அனோஜினி மேசையிலேயே சாப்பிடப் பழகியிருந்தாள்.

சப்டைட்டில் எழுதுவது மொழிபெயர்ப்பு மட்டுமல்ல. காது வேகமாகக் கேட்கும், கண் மெதுவாக வாசிக்கும். ஒருவன் மூன்று மூச்சில் சொல்வதை, பார்ப்பவர் ஒரு மூச்சில் வாசித்து முடிக்க வேண்டும், முகத்தைப் பார்க்கவும் நேரம் மிஞ்ச வேண்டும். ரஷ்யச் சொற்கள் குட்டையானவை. தமிழ்ச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளும். ஆகவே ஒருவர் மொழிபெயர்த்தால், இன்னொருவர் அதை வெட்டிக் காட்சியின் நீளத்துக்குள் அடக்குவார். மின்ஸ்க் நகரில் படித்து ரஷ்ய மொழி கற்ற அனோஜினி முதல் வேலையைச் செய்தாள். வெட்டுகிறவர் ஆற்றுக்கு அக்கரையில், புரோசார்ட்டில் இருந்த யோசெப்பின். மன்னார்ப் பக்கம் பேசாலை என்ற கத்தோலிக்க ஊரைச் சேர்ந்தவர். ரஷ்ய மொழி அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் எந்தத் தமிழ் வரியிலும் எது இல்லாமல் போனால் யாருக்கும் நட்டமில்லை என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

இருவருக்கும் இடையில் ஒரு வழக்கம் இருந்தது. சண்டைக் காட்சியில் கிளாவ்தியா கத்தும்போது அனோஜினியின் காதுக்குள் அவள் பிறந்த பருத்தித்துறையின் தமிழ்தான் கேட்கும். அதை அப்படியே முதல் பிரதியாக எழுதிவிடுவாள். பிறகு கதிரையை நாற்காலியாகவும், பேந்துவைப் பிறகாகவும், ஓமை ஆமாவாகவும் மாற்றி இரண்டாம் பிரதி செய்வாள். நிறுவனத்துக்குப் போவது இரண்டாவதுதான். முதற்பிரதியை அழிக்காமல் தன் கோப்புறையில் விட்டுவைப்பாள். யோசெப்பின் அதைத் திறந்து வாசித்துவிட்டு அழைப்பார்.

“பிள்ளை, உந்த ரஷ்யன் எங்கட ஊர்ச் சந்தையில மீன் விக்கிறவன் மாதிரியெல்லே கதைக்கிறான்.”

“ஏன் அன்ரி, பிழையோ?”

“ஆர் பிழை எண்டது? விலையைக் குறைச்சால் வாங்கலாம்.”

நாள் முழுக்க அந்த அறைக்குள் கேட்கும் ஒரே சிரிப்பு அதுதான்.

மேலாளர் பரணிதரன் சென்னைக்காரர். நகரின் இன்னொரு கோடியில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்தார். ஒரு வியாழக்கிழமை அவர் அழைத்தபோது வழக்கமான நல விசாரிப்பு இல்லை.

“பாருங்க அனோஜினி, நான் குத்தம் சொல்லல. கேக்கறேன், அவ்வளவுதான்.”

“கேளுங்க சார்.” அவரோடு பேசும்போது அவளும் சென்னைத் தமிழுக்கு மாறிவிடுவாள்.

“பேந்துன்னா என்னங்க?”

“பிறகுன்னு அர்த்தம்.”

“ ‘பேந்து பாப்பம்’னு நம்ம போலீஸ் ஆபீசர் சொல்றாரு. இணையத்துல. நாம இன்னும் ரிலீஸே பண்ணாத படத்துல.”

யாரோ முழுப் படத்தையும் திரையிலிருந்து கைபேசியில் பிடித்து வெளியே விட்டிருந்தார்கள். எழுத்துகளோடு. அந்த எழுத்துகள் அவளுடைய முதற்பிரதி.

“நான் செய்யல சார்.”

“சரி. அப்ப யாரு? ட்ராஃப்ட் உங்க ஃபோல்டர்ல இருக்கு. தமிழ் உங்க ஊர்த் தமிழ். ஜோசஃபின் மேடம் முடிஞ்ச ஃபைல மட்டும்தான் எடுப்பாங்க. வருஷக்கணக்கா இருக்கறவங்க.” அவர் பெருமூச்சு விட்டார். “மாஸ்கோல படத்தோட உரிமைக்காரங்க கொதிச்சுப் போயிருக்காங்க. திங்கக்கிழமை மூணு பேரும் பேசுவோம். அதுவரைக்கும் வேலை நேரம் முழுக்க கேமரா ஆன்லயே இருக்கட்டும். சாரி. என் கையில இல்ல.”

கோப்புறை யாருடையது என்பது ஒரு பொருட்டேயில்லை. அந்தப் படத்தில் வேலை செய்யும் எவரும் அதைத் திறக்கலாம். யார் எதை மாற்றிச் சேமித்தார்கள் என்பதைச் செயலி பதிந்துவைக்கும். யார் திறந்து வாசித்தார்கள் என்பதை அது கண்டுகொள்வதில்லை. அனோஜினிக்கு இது தெரியும். ஆனால் ‘யோசெப்பின் அன்ரியும் வாசிப்பார்’ என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அது அவரைக் காட்டிக்கொடுப்பதாக இருக்கும். அப்போது அவரைக் காட்டிக்கொடுக்க ஒரு காரணமும் இருக்கவில்லை.

வேலை போவது எல்லோருக்கும் கெட்ட விசயம். அனோஜினிக்கு அது வேறு விதமான கெட்ட விசயம். கனடாவில் வேலை செய்யும் அனுமதி இரண்டு வகை. ஒன்று திறந்தது, அதை வைத்திருப்பவர் யாரிடமும் வேலை செய்யலாம். மற்றது மூடியது. அதில் ஒரே ஒரு நிறுவனத்தின் பெயர் அச்சிட்டிருக்கும். அந்த நிறுவனத்தைத் தவிர வேறெங்கும் ஒரு கோப்பை கழுவிக் கொடுத்தாலும் சட்டப்படி குற்றம். வேலை போனால் அன்றே நாட்டை விட்டுத் துரத்த மாட்டார்கள். ஆனால் இன்னொரு நிறுவனம் இவள்தான் வேண்டும் என்று அரசிடம் கேட்டு, அதற்கு அரசு சம்மதித்து, புதிய அனுமதி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அதற்குள் பழைய அனுமதி முடிந்துவிடும். திருட்டுப் பட்டத்தோடு வெளியேற்றப்பட்டவளை எந்த நிறுவனம் கேட்கும்? அவளுடையது மூடிய அனுமதி.

வெள்ளிக்கிழமை முழுதும் கமராவின் சின்ன விளக்கு அணையவில்லை. அது எரியும்போது மனிதர் தம் கைகளை எங்கே வைப்பது என்றே யோசிக்கத் தொடங்கிவிடுகிறார். அவள் மூக்கைச் சொறியவில்லை. கண்ணைத் துடைக்கவில்லை. மதியம் கைபேசியை மடியில் வைத்து, மேசைக்குக் கீழே, சத்தமில்லாமல் அந்தத் திருட்டுப் பிரதியைப் பார்த்தாள்.

நிறுவனத்தின் படங்களைத் தரவிறக்க முடியாது. அவர்களுடைய சாளரத்துக்குள் மட்டும்தான் ஓடும். ஓடும்போது பார்ப்பவரின் பெயர் மேல் மூலையில் மங்கலாகத் தெரியும். இந்தப் பிரதியை எடுத்தவரின் கைபேசி கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தது. மேல் மூலை சட்டகத்துக்குள் வரவில்லை. அது தந்திரமாகவும் இருக்கலாம், கைநடுக்கமாகவும் இருக்கலாம். கிளாவ்தியா வானொலியைத் தட்டுகிறாள், பொறுப்பாளர் கதவை உதைக்கிறார், எல்லோரும் அனோஜினியின் தமிழில் பேசுகிறார்கள். தன் சொற்களே தனக்கு எதிராக வரிசையாக வந்து நிற்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்தெபானின் காட்சி வந்தது. அவன் அதிகாரியின் அறைக்குள் போகிறான். கதவு மூடுகிறது. வெளியே நிற்கும் துளைப்பவன் கிளாவ்தியாவிடம் ரஷ்ய மொழியில் இரண்டே சொற்கள் சொல்கிறான். அதற்கு அனோஜினி ‘அவன் ஒத்துக்கொண்டிட்டான்’ என்று எழுதியிருந்தாள்.

திரையில் வேறு வரி இருந்தது. ‘அவன் பாவசங்கீர்த்தனம் செய்திட்டான்.’

அவள் நிறுத்திப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். அதே சொல்.

அனோஜினி சைவக்காரி. அந்தச் சொல் அவளுக்குத் தெரிந்திருந்ததே, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்த வேதக்கார, அதாவது கத்தோலிக்க, பிள்ளைகளால்தான். ஈஸ்டருக்கு முன்பு அவர்கள் வரிசையாகக் கோயிலுக்குப் போய், சுவாமியாருக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, செய்த பாவங்களைச் சொல்லிவிட்டு வருவார்கள். அதுதான் பாவசங்கீர்த்தனம். பொலிஸ்காரரிடம் கொலையை ஒத்துக்கொள்வதற்கு அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. ஒரு சைவக்காரியின் விரலில் அது தவறியும் வராது. அதோடு, அந்தக் காட்சி கண் இமைக்கும் நேரம்தான். அவ்வளவு நீளமான சொல்லை வாசித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். தொழில் தெரிந்த எவரும் அங்கே அதை வைக்க மாட்டார்கள். எல்லா நீளங்களையும் வெட்டுகிற ஒருவர் அதை வைத்திருக்கிறார் என்றால், அது ஊருக்காக வைத்ததல்ல. வேண்டிய இடத்தில் படத்தை நிறுத்தி வாசிக்கக்கூடிய யாரோ ஒருவருக்காக வைத்தது.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. இந்த ஒரு சொல் போதும், திங்கட்கிழமை தப்பிவிடலாம். அந்த நிம்மதி மேசையைவிட்டு எழும்புவதற்குள்ளேயே கெட்டுப்போனது.

ஞாயிற்றுக்கிழமை கமராவுக்கு ஓய்வு. அனோஜினி ஆங்கிறினோன் நிலையம் வரை பஸ்ஸிலும், அங்கிருந்து மெட்ரோவிலும், பிறகு பாலத்தைக் கடக்கும் ரயிலிலும் புரோசார்ட்டுக்குப் போனாள். முன்பு இரண்டு முறை அங்கே சாப்பிட்டிருக்கிறாள். கதவைத் திறந்தவர் யோசெப்பினின் கணவர் பத்திநாதர். முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்து இன்னும் ஊன்றுகோலோடுதான் நடந்தார்.

“வாரும், வாரும்! யோசெப்பின், உம்மட ரஷ்யாக்காரி வந்திருக்கிறா!”

அவள் சப்பாத்தைக் கழற்றுமுன்பே அவர் தொடங்கிவிட்டார்.

“பிள்ளை, அந்தக் கதவைப் பாத்தனீரோ? உள்ளுக்குத் திறக்கிற கதவு. சரியாய்க் காட்டியிருக்கிறான். வெளியில தள்ளுற கதவெண்டால், இரவு பனி கொட்டினால் காலமை ஒருத்தரும் வெளிய வரேலாது. அடைபட்டுக் கிடக்கவேண்டியதுதான்.”

“எந்தக் கதவு அங்கிள்?” என்று அவள் கேட்டாள். விடை தெரிந்த கேள்வி.

“உம்மட படத்தில! அந்த முகாமில!” அவர் கதிரையில் மெல்ல இறங்கினார். “நான் வடக்கில ஒரு சுரங்கத்தில குசினி பாத்தனான், சமையல் வேலை, தெரியுமோ? றோட்டே இல்லை, பிளேன்தான். ஒருக்கா வானம் மூடி, பிளேன் வரேல்லை. முட்டை முடிஞ்சுது. வெங்காயம் முடிஞ்சுது. கடைசியில மனிசருக்குப் பொறுமையும் முடிஞ்சுது. நல்லாயிருந்த ரெண்டுபேர் ஒரு கரண்டிக்கு அடிபட்டாங்கள். இவ உந்தப் படத்தைப் பற்றி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சொல்லிக்கொண்டு வந்தா. எனக்கெண்டால் பொறுக்கேலாமல் போட்டுது. எடுத்துக் காட்டும் எண்டு இவவுக்கு ஒரே ஆக்கினை குடுத்தன்.”

“நல்லா இருந்துதோ?”

“நல்லாவோ? எங்கட பழைய குசினிக் கூட்டத்துக்கும் அனுப்பினனான். எல்லாரும் இருந்து பாத்தவங்கள். ஒருத்தன் தான்தானாம் அந்த ஸ்தெபான் எண்டு நிக்கிறான்!” அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனால் ஒரு பிழை இருக்குது, சொல்லட்டே? பாவசங்கீர்த்தனம் எண்டால் செய்த பாவத்தைச் சொல்லுறது. அவன் செய்யாததையெல்லே சொல்லுறான். அது செல்லாது.”

குசினி வாசலில் யோசெப்பின் நின்றார். கையில் தேநீர்த் தட்டு.

“பிள்ளை, இஞ்சை வாரும். சீனி எவ்வளவெண்டு பாரும்,” என்றார்.

குசினிக்குள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட பிறகுதான் அவர் பேசினார்.

“வாயை வைச்சுக்கொண்டு இருக்கத் தெரியாத மனிசன். அவரிட கூட்டத்தில ஆரோ ஒருத்தன்தான் வெளியில போட்டிருக்கிறான். வியாழக்கிழமைதான் எனக்கும் தெரியும்.”

“ஏன் அன்ரி அந்தச் சொல்லை மாத்தினனீங்கள்?”

“ஒத்துக்கொண்டான் எண்டால், என்னத்துக்கு ஒத்துக்கொண்டான், சமையல் வேலைக்கோ எண்டு கேட்டார். அவருக்கு விளங்கட்டும் எண்டு ஓடவிடேக்கை மட்டும் மாத்தினன், சேமிக்கேல்லை.” யோசெப்பினின் உதடு ஒரு கணம் சிரிக்கப் பார்த்தது. “அதைக் கண்டுபிடிச்சிட்டீர் என்ன?”

“நாளைக்கு நீங்கள் சொல்லுவீங்களோ?”

யோசெப்பின் ஏற்கெனவே கழுவிய கரண்டியை மறுபடி கழுவினார்.

“சொன்னால் என்னை வேலையால நிப்பாட்டிறதோட விடுவினமோ? வழக்குப் போடுவம் எண்டெல்லே எழுதிக் கையெழுத்து வாங்கினவங்கள். தான் அனுப்பித்தான் இவ்வளவும் வந்தது எண்டு தெரிஞ்சால் இந்த மனிசன் சாப்பிடாது. நீர் இளம் பிள்ளை. படிச்சனீர். ரஷ்யனும் தெரியும். உமக்கு ஆயிரம் வேலை கிடைக்கும்.”

“எனக்கு ஒரு வேலைதான் அன்ரி.”

“ஏன் அப்பிடிச் சொல்லுறீர்?”

“என்ரை பெர்மிட்டில இந்தக் கொம்பனியிட பேர்தான் இருக்குது. வேற இடத்தில நான் கூட்டித் துடைக்கவும் ஏலாது.”

யோசெப்பின் குழாயை மூடினார். முன்னறையில் பத்திநாதர் யாருடனோ தொலைபேசியில் அந்தக் கதவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

“இதை ஏன் முந்தியே எனக்குச் சொல்லேல்லை?”

“சொல்லி என்ன? அன்ரியும் நானும் படத்தைப் பற்றித்தானே கதைக்கிறனாங்கள்.”

“ஓம்,” என்றார் யோசெப்பின். கையைத் துடைத்துக்கொண்டே, “ஓம், ஓம்,” என்றார்.

யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. ‘சரி, அப்படியே செய்கிறேன்’ என்பதற்கும் ஓம். ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீ சொல்’ என்பதற்கும் ஓம். குரலைக் கேட்டுத்தான் எது என்று பிரித்தறிய வேண்டும். அனோஜினி எத்தனையோ ரஷ்யர்களின் குரலைக் கேட்டுச் சரியாகப் பிரித்தவள். இதைப் பிரிக்க அவளால் முடியவில்லை.

“அப்ப நான் வாறன் அன்ரி.”

“நீர் நாளைக்கு அந்தச் சொல்லைச் சொல்லப்போறீரோ?”

“தெரியாது.”

“ஓம்,” என்றார் யோசெப்பின்.

“பிள்ளை, நிண்டு சாப்பிட்டிட்டுப் போம்!” என்று பத்திநாதர் முன்னறையிலிருந்து கத்தினார். அவள் நிற்கவில்லை. திரும்பும் ரயில் பாலத்தில் ஏறியபோது பெட்டியில் எல்லோரும் தங்கள் கைபேசிக்குள் இருந்தார்கள். சொன்னால் பத்திநாதர் சாப்பிடமாட்டார். சொல்லாவிட்டால் வேலையோடு அனுமதியும் போகும், அவளுடைய யன்னலில் சப்பாத்துகள் தெரியாது, இந்த நாட்டின் வேறெந்த யன்னலிலும் எதுவும் தெரியாது. ஒவ்வொரு நிலையத்திலும் கதவுகள் தாமாகத் திறந்து, யாரும் இறங்காமலே மூடிக்கொண்டன.

திங்கட்கிழமை. திரையில் மூன்று பெட்டிகள். மேலே இடப்பக்கம் பரணிதரன், வலப்பக்கம் யோசெப்பின், கீழே அவள். இந்தக் கூட்டங்களில் யாரும் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. ஒருவரின் கண்ணைப் பார்க்க வேண்டுமானால் கமராவைப் பார்க்க வேண்டும், கமராவைப் பார்த்தால் அவர் கண் தெரியாது. யோசெப்பின் தேவாலயத்துக்குப் போவதுபோல் சேலை உடுத்தியிருந்தார்.

“சீக்கிரம் முடிச்சுடலாம்,” என்றார் பரணிதரன். “அனோஜினி, நான் மேல சொல்லியாகணும். நீங்க ஏதாவது சொல்றீங்களா?”

அனோஜினி ஒலிவாங்கியைத் திறந்தாள்.

“அந்த எழுத்துல ஒரு சொல் என்னோடது இல்ல சார்.”

“ஒரு சொல்லா?”

“ஆமா. எல்லாம் என்னோடதுதான். அது மட்டும் இல்ல. நான் எழுதின ட்ராஃப்டையும் அதையும் வெச்சுப் பாத்தா தெரியும்.”

“எந்தச் சொல்?”

அவள் வாயைத் திறந்தாள். சொல் நாக்கு நுனியில் இருந்தது. நீளமான சொல். அதைச் சொல்லி முடிக்கும்போது புரோசார்ட்டில் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பதும் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் கண்ணைத் திரையிலிருந்து எடுத்தாள். பரணிதரன் திரைக்கு அருகே குனிந்தார். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்க்க, “ஹலோ?” என்றார்.

“அது நான் போட்ட சொல்,” என்றார் யோசெப்பின்.

“மேடம்?”

“என்ரை மனுசனுக்கு விளங்கோணும் எண்டு மாத்தினது. படத்தை ஃபோனில எடுத்துக் குடுத்ததும் நான்தான். வெளிய போனது அவர் செய்ததில்லை, எனக்குத் தெரிஞ்சு நடந்ததுமில்லை. ஆனால் எடுத்தது நான்.”

பரணிதரன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இவர் கோபப்படுவார் என்றுதான் அனோஜினி நினைத்தாள். அவர் களைத்துப் போனவர்போலத் தெரிந்தார்.

“மேடம், நீங்க இத எங்கிட்டச் சொன்னா நான் மேல சொல்லித்தான் ஆகணும். புரியுதா? என்னால மறைக்க முடியாது.”

“மறைக்கச் சொல்லி நான் கேக்கேல்லையே.”

“அனோஜினிக்கு இது முன்னாடியே தெரியுமா?” அவர் கேள்வியை யாரிடம் கேட்கிறார் என்று தெரியவில்லை. “தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அதுவும் ஒரு பிரச்சினைதான். நான் எழுதணும். அதனால கேக்கறேன்.”

“அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது,” என்றார் யோசெப்பின் உடனே. “இப்பத்தான் கேள்விப்படுறா.”

“அப்படியா அனோஜினி?”

ஒலிவாங்கி திறந்தே இருந்தது. அவள் மூச்சுவிடும் சத்தம் மற்ற இருவருக்கும் கேட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமையே தெரியும் என்று சொல்லலாம். சொன்னால் யோசெப்பின் தனியாக நிற்க மாட்டார். ஆனால் இருவருமே வெளியே நிற்பார்கள். யோசெப்பினின் முகம் அசையவில்லை. அவர் எங்கே பார்க்கிறார் என்று அறிய வழியில்லை. கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா சார்,” என்றாள் அனோஜினி. “இப்பத்தான் கேள்விப்படறேன்.”

“சரி,” என்றார் பரணிதரன். “மேடம், நீங்க இப்ப போகலாம். நான் தனியா கூப்பிடறேன்.”

“ஓம்,” என்றார் யோசெப்பின். இம்முறை அது எந்த ஓம் என்பதில் குழப்பமே இல்லை. அவர் விசைப்பலகையின் பக்கம் குனிந்தார்.

இந்தக் கூட்டங்களில் ஒருவர் வெளியேறினால் அவருடைய இடம் வெறுமையாகத் திரையில் நிற்பதில்லை. இருப்பவர்களுக்கு அந்த இடத்தைச் செயலியே பங்கிட்டுக் கொடுத்துவிடும். யோசெப்பினின் பெட்டி மறைந்தது. மற்ற இரண்டும் நகர்ந்து, விரிந்து, திரையை நிறைத்தன. பரணிதரன் அடுத்த படத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தார், கசக்ஸ்தானில் ஒரு ரயில் நிலையமாம், நீளம் குறைவாம், எழுத்தை வெட்டுவதையும் இனி அவளே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்குமாம். அனோஜினி தலையாட்டினாள். திரையின் பாதியில் முன்பைவிடப் பெரிதாகிவிட்ட அவளுடைய முகமும் தலையாட்டியது.